இரண்டாவது பாய்

பினாங்கு, சூலியா தெரு
3 மார்ச் 1933

புது மாப்பிள்ளை ஷேக் அலாவுதீனுக்கு மச்சான் அப்துல் ரசாக் ஸலாம் சொல்லி எழுதிக்கொண்டது. நானும் உன் கூடப்பிறந்த லாத்தா சுலைஹாவும் அல்லாஹ் காவலில் நல்லா இருக்கோம். கல்யாணத்தை முடித்துச் சட்டென்று திரும்புறேன் என்று கப்பல் ஏறினவன், அரை வருசமாச்சு. கல்யாணம் பண்ணினாயா, நங்கூரம் போட்டாயா என்று உன் லாத்தா கேட்கிறாள்.

இனி சேதி. மே மாசம், கப்பலுக்குச் சரக்கு ஏத்தி இறக்குற நம்ம தொங்கான் படகுச் சங்கத்துக்குத் தலைவர் எடுக்கணும். வழக்கம் உனக்குத் தெரிந்ததுதான். தலைவருக்கு நிற்கிறவன் பாய் விரித்து உட்காரணும். அவன் வேணும்கிறவன் ஊர் பார்க்க எழுந்து போய் அவன் பாயில் உட்காரணும். காலையில் யாருக்குப் படகு, யாருக்குப் பட்டினி என்று கைகாட்டுகிற சுலைமான் தண்டலே பத்து வருசமாய்த் தலைவரும். அவர் பாய் ஒன்றுதான் விரியும். நீ சேர்த்துவிட்டுப் போன கட்சிக்காரர்கள் பதிமூணு பேரும் இந்தத் தடவை ரெண்டாவது பாய் விரிக்கணும் என்கிறார்கள்.

அதில் பஷீர்தான் உட்காருவதாய் இருந்தது. போன வாரம் தொங்கானிலிருந்து கப்பலுக்குப் போட்ட பலகையில் வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிஞ்சு கிடக்கிறான். மழை பேஞ்சு ரொம்ப நாளாச்சு லா. பலகை எப்படி வழுக்கும் என்று யாரும் கேட்கலை.

இப்ப என்னை உட்காரச் சொல்கிறார்கள். நான் கரையில் கிழிஞ்ச சாக்குத் தைக்கிறவன். முந்நூறு பேரில் நமக்குப் பதிமூணு பேர். தோற்கிறதுக்குன்னே ஒரு பாய் எதுக்கு மாப்பிள்ளை? நீ சொல்லு, கேட்கிறேன்.

உன் பங்குக் கறியையும் சேர்த்துத் தின்றுகொண்டிருக்கும்
அப்துல் ரசாக்


தொண்டி
22 மார்ச் 1933

அன்பும் மரியாதையும் உள்ள மச்சான் அவர்களுக்கு அலாவுதீன் ஸலாம்.

பஷீர் சேதி படித்து மனசு சரியில்லை. அதனால்தான் நீங்கள் நிற்க வேண்டும் என்கிறேன். ஜெயிப்பதற்கு அல்ல. ஒரே பாய் கிடக்கும்வரை, தண்டல்தான் தலைவர் என்பது வானத்திலிருந்து இறங்கிய சட்டம் மாதிரி இருக்கும். இன்னொரு பாயைக் கண்ணால் கண்டால்தான் அங்கேயும் உட்காரலாம் என்று ஒருவனுக்குத் தோன்றும். இந்த வருஷம் பதிமூன்று, அடுத்த வருஷம் முப்பதாகட்டும். ஜெயித்தால்தான் நிற்போம் என்றால் நாம் கட்சியே இல்லை, டீக்கடைப் பேச்சு.

தேர்தலுக்கு நானும் வந்துவிடுவேன். லாத்தாவுக்கு என் ஸலாம்.

உங்கள் சொல்லைத் தட்டாத
ஷேக் அலாவுதீன்


பினாங்கு
10 ஏப்ரல் 1933

சொல்லைத் தட்டாத மாப்பிள்ளைக்கு, மச்சான் எழுதிக்கொண்டது.

சரி, நிற்கிறேன். சங்கத்தில் சொல்லியும் ஆச்சு. அப்புறம் நடந்ததைக் கேள். ஹஜ்ஜுப் பெருநாளன்று தண்டலே வாசலுக்கு வந்து குர்பானி இறைச்சி கொடுத்தார், நல்ல தொடைக்கறி. கூட வந்தவன் தோளில் ஒரு புதுப் பாய்.

"உன் ஆளுங்க தரையில உட்காரக் கூடாது ரசாக். பெரிசாப் பார்த்து வாங்கினேன். எல்லாரும் உட்காரலாம்" என்றார்.

எதிராள் நிற்கிறான் என்று இவ்வளவு சந்தோஷப்பட்ட மனுஷனை நான் கண்டதில்லை. அந்தக் கறியை உன் லாத்தா திட்டினதால்தான் தின்றேன்.

படுத்து யோசித்தேன். இத்தனை வருசமும் எல்லாரும் அவர் பாயில்தான். எவன் மனசில் என்ன இருக்கு என்று அவருக்குத் தெரியாது. பதிமூணு பேர் என்று காதில் விழுந்திருக்கும், எந்தப் பதிமூணு என்று தெரியாது. இப்ப நாமே ஆளைப் பொறுக்கி அவர் கண் முன்னால் உட்கார வைக்கப் போறோம். அடுத்த நாள் காலையில் அவர் கை எந்தப் பக்கம் காட்டும்?

நீ வா. நீ பக்கத்தில் இருந்தால் எனக்கு இவ்வளவு யோசனை வராது.

வழிபார்த்திருக்கும்
அப்துல் ரசாக்


தொண்டி
1 ஜூன் 1933

மச்சான் அவர்களுக்கு,

கப்பலில் வந்த முனுசாமி எல்லாம் சொன்னார். உங்கள் பாயில் ஒருவர்கூட இல்லையாம். எழுந்து வந்தவனையும் நீங்களே கேலி பேசி விரட்டினீர்களாம். தண்டல் ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். இறைச்சியும் பாயும் வீண்போகவில்லை. இப்படிக் கூத்தாக்கியதற்கு நிற்காமலே இருந்திருக்கலாம்.

இவளுக்கு மசக்கை. அதனால் நான் வர முடியவில்லை. வந்திருந்தால் இந்த அவமானம் நடந்திருக்காது.

அலாவுதீன்


பினாங்கு
16 ஜூன் 1933

அப்பனாகப் போகிற மாப்பிள்ளைக்கு,

முதலில் அவளுக்கு நல்ல மாங்காய் வாங்கிக் கொடு. கோபத்தை அப்புறம் வைத்துக்கொள்.

முனுசாமி பொய் சொல்லலை. தண்டல் கொடுத்த பாயை நாலாய் மடித்துப் போட்டு நடுவில் உட்கார்ந்தேன். முதலில் எழுந்தவன் பஷீர் தம்பி அஜீஸ். அவன் எழுந்ததும் தண்டல் பார்த்த பார்வையை நீ பார்க்கலை, நான் பார்த்தேன். "இது ஒத்தை ஆள் பாய்டா, உன் உடம்புக்கு அந்தப் பக்கம் போ" என்றேன். மண்டபமே சிரித்தது. மத்தவர்கள் புரிந்துகொண்டு அசையலை.

ரெண்டாவது பாயை முந்நூறு பேரும் பார்த்தார்கள். நீ கேட்டது அதுதானே? நான் நின்றேன், தோற்றேன். என்கூட யார் யார் தோற்றார்கள் என்று மட்டும் காட்டலை.

தண்டல் வந்து தோளில் கை போட்டார். "அப்ப எல்லாத்தையும் நீ ஒருத்தனே சுமக்கிறே" என்றார். அப்போது அவர் சிரிக்கலை.

அதுக்கப்புறம் ஒரு மாசம் சத்தமில்லை. நேற்றுக் கூப்பிட்டார். சாக்கு கப்பலிலேயே கிழியுதாம், திங்கட்கிழமையிலிருந்து நான் பலகை ஏறிப் போய் அங்கேயே தைக்கணுமாம். வயசாச்சு என்றேன். அப்ப அஜீஸுக்குத் தைக்கத் தெரியுமா என்று கேட்டார். நானே போறேன் என்று சொல்லிவிட்டேன்.

உன் லாத்தா கோணி ஊசியை எங்கேயோ ஒளித்துவிட்டாள். பாசாரில் வேற வாங்கிக்கொண்டேன்.

கோபம் ஆறினதும் எழுது.

உன் மச்சான்தான்
அப்துல் ரசாக்


தொண்டி
2 ஆகஸ்ட் 1933

என் மச்சான் அவர்களுக்கு, அலாவுதீன் ஸலாம் சொல்லி எழுதிக்கொண்டது.

உங்கள் கடிதம் கிடைத்த அன்றே தந்தி அடித்தேன், போக வேண்டாம் என்று. மன்னிப்புக் கேட்டுக் கடிதமும் போட்டேன். அதற்கப்புறம் ரெண்டு தபால் கப்பல் வந்துவிட்டது. நீங்கள் எழுதவில்லை. லாத்தாவும் எழுதவில்லை.

போன கப்பல் வந்தபோது நாகப்பட்டினம் போய் இறங்குகிறவர்களை விசாரித்தேன். தொங்கான் ஆள் ஒருவரை அடையாளம் கண்டு உங்கள் பெயரைச் சொன்னேன். என் முகத்தைப் பார்த்தார். தங்கச்சி மாசமாய் இருக்கிறதாமே, நல்லாப் பார்த்துக்கொள் தம்பி என்று சொல்லிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

நிற்கத்தான் வேண்டும் என்று இப்போதும் நினைக்கிறேன் மச்சான். ஆனால் இங்கே உட்கார்ந்துகொண்டு உங்களை நிற்கச் சொல்லியிருக்கக் கூடாது. அடுத்த கப்பலுக்குச் சீட்டு எடுத்துவிட்டேன். இவளிடம் இன்னும் சொல்லவில்லை.

அதற்குள் திட்டியாவது ஒரு வரி போடுங்கள்.

உங்கள்
அலாவுதீன்