நாம் முடிவு பார்க்காத நாடகம்

நேற்று சாயங்காலம் உன் மருமகள் சுமதி என் வீடு தேடி அஸ்தினாபுரத்துக்கே வந்துவிட்டாள். போனை என் கையில் கொடுத்து, "ஆன்ட்டி, எந்த சீட் வேணும்னு நீங்களே தொடுங்க" என்றாள். திரை முழுக்கப் பச்சைக் கட்டங்கள். மேலே மேடை, இரண்டு பக்கமும் வாசல். நம் பழைய நாடகக் கொட்டகைதான். ஒரு மழையில் கூரை இறங்கி, பூட்டிப் போட்டு, சுவரெல்லாம் அரசஞ்செடி முளைத்துக் கிடந்ததே, அதை இப்போது பழையபடியே திரும்பக் கட்டி முடித்திருக்கிறார்கள். என் விரல் யோசிக்கவே இல்லை. வலது பக்க வாசலை ஒட்டின கட்டத்தைத் தொட்டுவிட்டது.

"அங்கேர்ந்து ஸ்டேஜ் பாதிதான் தெரியும் போலிருக்கு, ஆன்ட்டி" என்றாள்.

உண்மைதான், பாதிதான் தெரியும். நாம் பார்த்ததும் பாதிக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதானே.

ஆபீஸுக்குப் பின் தெருவில் கொட்டகை இருந்தது நம் அதிர்ஷ்டம். டைப்ரைட்டருக்கு உறையைப் போட்டு, முகத்தைக் கழுவி, கேன்டீனில் ஆளுக்கொரு கீரை வடையைத் தின்றுவிட்டு உள்ளே போய் அந்த வலது வாசலோரம் உட்கார்ந்துவிடுவோம். ஆனால் பல்லாவரத்திலிருந்து கோவிலம்பாக்கம் பக்கம் போகிற கடைசி பஸ்ஸை விட்டால் உனக்கு வேறு வழி கிடையாது. அதனால் மேடையில் என்ன கலவரம் நடந்தாலும், நேரம் வந்ததும் உன் முழங்கை என் விலாவில் இடிக்கும். "எய்ந்திருடி, பஸ்ஸு பூடும்." கதாநாயகனுக்குத் தூக்கா விடுதலையா, கல்யாணம் நடந்ததா நின்றதா, ஒன்றும் தெரியாது. குனிந்தபடியே செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுவோம். எத்தனை வருஷம் இப்படி! நாடகப் பைத்தியங்கள் என்று ஆபீஸில் நமக்குப் பெயர். முடிவு பார்க்காத பைத்தியங்கள் என்பது யாருக்கும் தெரியாது.

பாக்கி நாடகத்தை ரயிலில்தான் நடத்துவோம். எக்மோரில் ஏறி உட்கார்ந்ததும் நீ ஒரு முடிவு சொல்வாய், நான் ஒரு முடிவு சொல்வேன். கிண்டி வருவதற்குள் லேடீஸ் கம்பார்ட்மெண்டே பஞ்சாயத்தில் சேர்ந்துவிடும். உன் முடிவில் எப்போதும் யாராவது ஒருத்தர் வாயை மூடிக்கொண்டு பெரிய காரியம் செய்துவிட்டுப் போவார். என் முடிவில் எல்லோரும் ஒன்றுசேர்ந்து சாப்பிட உட்காருவார்கள். "உன் நாடகத்துல சமையலு யாருடி செய்யறது?" என்று கேட்டு என் வாயை அடைப்பாய். நீ பல்லாவரத்தில் இறங்குவாய், நான் குரோம்பேட்டையில். மறுநாள் காலை மறுபடி தொடங்கும்.

அந்தக் கதவு நாடகத்தன்றுதான் நீ முடிவே சொல்லவில்லை.

விட்டுப் போன புருஷன் பல வருஷம் கழித்துத் திரும்பி வந்து வெளியே நிற்கிறான். உள்ளே அவள். நடுவில் ஒரு கதவு. அவள் தாழ்ப்பாளில் கை வைக்கிறாள். உன் முழங்கை இடித்தது. வழக்கத்தைவிடப் பலமாகவே இடித்தது. ரயிலில் நான், "திறப்பா, மனசு கேக்காது" என்றேன். மல்லி தொடுத்துக்கொண்டிருந்த பூக்கார அம்மா, "தொறக்கணும். தொறந்து ரெண்டு வுட்டுட்டு மறுபடி சாத்தணும்" என்றாள். பெட்டியே சிரித்தது. நீ ஜன்னல் பக்கம் திரும்பி, "தெர்லடி" என்று மட்டும் சொன்னாய்.

உன் வீட்டுக்காரர் வேலைக்கென்று பெங்களூர் போய் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டது எனக்குத் தெரியும். உன் பையனுக்கு அப்போது பால் பல்கூட விழவில்லை. தெரிந்தும் நான் 'திறப்பா' என்று சொன்னேனே, என்ன வாய் எனக்கு!

அடுத்த வாரம் என் வீட்டுக்கு வந்திருந்தாய். அந்த நாடகத்தைக் கடைசிவரை பார்த்த என் அண்ணன், "முடிவு தெரியுமா உங்களுக்கு?" என்று ஆரம்பித்தான். நீ காபி டம்ளரை டக்கென்று கீழே வைத்தாய். "சொல்லாதீங்கண்ணா. சொன்னீங்கன்னா நான் இந்த வூட்டுப் பக்கமே வரமாட்டேன்." அவன் பயந்துபோய் வாயை மூடினான். இப்போது அவனிடம் கேட்டால், "அப்படி ஒரு நாடகமா? எப்ப?" என்கிறான். நன்றாக இருக்கிறது.

கொட்டகையைத் திரும்பக் கட்டும்போது, பழைய ரசிகர்கள் நினைவிருப்பதைச் சொல்லலாம் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். என்னைவிட யார் பழைய ரசிகை என்று பெருமையாகப் போன் செய்தேன். எடுத்தது ஒரு கட்டடக் கலைஞர், சின்னப் பெண் குரல். தூண் எத்தனை, தரை என்ன நிறம், கேன்டீன் எந்தப் பக்கம் என்று கேட்கக் கேட்க நான் கடகடவென்று சொன்னேன். பக்க வாசல் படியில் ஒன்று உடைந்திருக்கும் என்றுகூடச் சொன்னேன். அவளுக்கு ஒரே சந்தோஷம். அப்புறம் கேட்டாள்: "மேடம், நாடகம் முடிஞ்சதும் கடைசியா ஒரு படம் போட்ட திரை மட்டும் தனியா இறங்குமாமே, அதுல என்ன படம்? ஒருத்தர் மயில்ங்கறார், ஒருத்தர் கோபுரம்ங்கறார்."

இத்தனை வருஷமும் அப்படி ஒரு திரை நம் முதுகுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். "நாங்க தாம்பரம் வண்டிக்குக் கிளம்பிடுவோம்மா" என்றேன். பிறகு, "பரவாயில்ல மேடம், பல்லாவரம், குரோம்பேட்டைன்னு போன் பண்ணின எல்லாரும் இதையேதான் சொல்றாங்க" என்றாள். நம்மைப் போல ஒரு ரயில் நிறைய ஆட்கள் இருந்திருக்கிறார்கள்!

இப்போது திறப்பு விழாவையொட்டிப் பழைய நாடகங்களை மறுபடி போடுகிறார்கள். அந்தக் கதவு நாடகமும் உண்டு. அதற்குத்தான் டிக்கெட், சுமதிக்கும் எனக்கும். மயிலா கோபுரமா என்று பார்க்க எனக்கு ஆசை. அவள் கதவைத் திறந்தாளா என்று தெரிந்துகொள்ள அதைவிட ஆசை. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், பயமாகவும் இருக்கிறது. அவள் திறந்துவிட்டால்? கூட்டம் கைதட்டும். அந்தக் கைதட்டல் நீ செய்தது தப்பு என்று சொல்வதுபோல ஆகிவிடாதா?

நாடகம் பார்த்த மறு வருஷம் ஒரு திங்கட்கிழமை காலை. நீ ஆபீஸுக்கு வந்து, பையைக்கூட வைக்காமல், "அந்த ஆளு வந்துக்கீறாரு" என்றாய்.

"எங்கே?"

"வூட்டாண்ட. ஹால்ல குந்திக்கினு. எங்க அண்ணனுங்க ரெண்டு பேரும் பேசிக்கினு இருக்காங்க, சேத்துக்கலாமா வேணாமான்னு. என்னிய ஒரு வார்த்த கேக்கல."

"நீ என்ன சொன்னே?"

"பஸ்ஸு வர நேரமாயிடிச்சி. டிபன் பாக்ஸ எடுத்தேன். ஆபீஸ்க்கு டைம் ஆவுதுன்னேன். வந்துட்டேன்."

சொல்லிவிட்டு நீ சிரிக்க ஆரம்பித்தாய். "நம்ம எந்த நாடகத்த முடிவு வரிக்கும் பாத்தோம், போடி" என்றாய். பிறகு உட்கார்ந்து ஒரு பக்கம் அடித்தாய். வரிக்கு வரி பிழை. உன்னைப்போல் சுத்தமாக அடிக்கிறவள் அந்த ஆபீஸிலேயே கிடையாது. தாளை உருவிக் கசக்கிப் போட்டுவிட்டுப் புதுத் தாள் செருகினாய். சாயங்காலம் நீ வீட்டுக்குப் போனபோது அவர் இல்லை. எங்கே போனார் என்று நீ கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. அன்று காலை பஸ்ஸில் போகும்போது நீ ஒருமுறையாவது திரும்பிப் பார்த்தாயா என்று கேட்க எனக்கு இன்றைக்கும் நாக்கு துடிக்கிறது. யாரிடம் கேட்பது?

டீ போட்டுக் கொடுத்துவிட்டு, சும்மா பேச்சு வாக்கில் சுமதியிடம் கேட்டேன். "உன் மாமனார் ஒரு தடவை திரும்பி வந்தாரே, தெரியுமா?"

"தெரியாம என்ன ஆன்ட்டி! அத்தை கதவைப் படார்னு மூஞ்சில சாத்திட்டாங்களாம். ஊர்ல எல்லாருக்கும் தெரியும். பெரிய மாமாதான் சொல்லுவார், என் தங்கச்சி நெருப்புன்னு."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. உன் அண்ணன்மார், தாங்கள் ஹாலில் முடிவெடுத்துக்கொண்டிருந்தபோது தங்கச்சி பஸ் ஏறிப் போய்விட்டாள் என்று ஊரில் எப்படிச் சொல்வார்கள்? ஒரு கதவைச் சாத்திக் காட்டிவிட்டார்கள். நீயும் அதை மறுக்கவில்லை போலிருக்கிறது. ஆக நடந்ததை நடந்தபடி சொல்ல, நீ போனபின் நான் ஒருத்திதான். எனக்கும் வயசாகிறது. அதை நினைத்ததும் நாடகத்தைப் பற்றிய பயம் எங்கோ போய்விட்டது. கதை எழுதினவர் அவளை என்ன வேண்டுமானாலும் செய்ய வைத்துக்கொள்ளட்டும்.

"அந்த ஓர சீட் வேண்டாம்மா. நடுவுல போடு, ரெண்டு பக்கமும் ஆள் உட்கார்ற மாதிரி" என்றேன். நினைத்தாலும் நடுவில் எழுந்து வர முடியாதபடி. திரும்பி வர கேப் எத்தனை மணிக்குச் சொல்லட்டும் என்று கேட்டாள். கேப் வேண்டாம், ரயிலில் வரலாம் என்றேன். ஏன் என்று அவளுக்குப் புரியவில்லை.

ரயிலில் ஏறி உட்கார்ந்ததும் அவள் நாடகத்தைப் பற்றித்தான் பேச ஆரம்பிப்பாள். பேசட்டும். மேடையில் அந்தப் பெண் கதவைத் திறந்திருந்தாலும் சரி, சாத்தியிருந்தாலும் சரி, கிண்டி வருவதற்குள் உன் மருமகளிடம் சொல்லிவிடுவேன்: "உன் மாமியார் திறக்கவும் இல்லை, சாத்தவும் இல்லைடி. டிபன் பாக்ஸை எடுத்துக்கிட்டு ஆபீஸுக்கு வந்துட்டா."