சத்தமே இல்லாத ஃபேன்

என்னங்க,

ரொட்டி சட்டியில மூடி இருக்கு, சம்பல் கிண்ணத்துல. நான் பெரட்டுக்குப் போயி பேரு குடுத்துட்டு அப்படியே மலைக்குக் கொழுந்தெடுக்கப் போறேன். மத்தியானம் நீங்க பேக்டரிக்குப் போறப்ப சாவிய லயத்துல அடுத்த காம்பராவுல இருக்குற கோகிலாகிட்ட குடுங்க.

நேத்து சாயங்காலம் கோவத்துல "காது என்ன செவிடா"ன்னு கத்திட்டேன். நீங்க சாப்பிடாம எந்திரிச்சிட்டீங்க. வாய்க்கு வந்தத சொன்னதுதாங்க, வேற நெனப்புல சொல்லல.

ஹட்டன் கடையில நாலு ஃபேனைக் காதுல வச்சுப் பார்த்து, சத்தமே இல்லாததா எடுத்தேன்னு சொன்னீங்க. அத கம்பியூட்டர்ல மாட்டி உங்க பழைய டாங்கி சண்ட கேமைப் போட்டதும், கோகிலா பச்சப்புள்ளையோட ஓடியாந்து, "அக்கா, என்னா மிஷின் ஓடுது?"ன்னு கேட்டுச்சு. நீங்க என்னடான்னா, சத்தம் எங்க இருக்குன்னு சிரிக்கிறீங்க.

கம்பியூட்டர் பெட்டிய மாத்த வேணாம். சின்னதா, டிவிக்குக் கீழ அழகாத்தான் இருக்கு. ஃபேன மட்டும் ஞாயித்துக்கிழம ரெண்டு பேருமா போயி மாத்துவோம். நான் காதுல வச்சுக் கேட்டுச் சொல்றேன்.

பதினெட்டு வருசமா பேக்டரியில அந்தத் தேயில ரோலர் இரைச்சலுக்குப் பக்கத்துலயே நின்னு வேலை செய்றீங்க. டாக்டர்கிட்ட போவோம்னா கோவிச்சுக்குவீங்க. எப்படிச் சொல்றதுன்னே எனக்குத் தெரியல.

பூரணி

இன்னொண்ணு. இத எழுதுறதுக்கு முந்தி உங்க பின்னால நின்னு மூணு தரம் கூப்பிட்டேன். நீங்க குனிஞ்சு ஸ்குரூ முடுக்கிக்கிட்டே இருந்தீங்க. அப்ப கம்பியூட்டர் ஓடக்கூட இல்லங்க.