கண்ண மூடு

அன்புள்ள அம்மாவுக்கு, உன் மூத்தவள் வணங்கி எழுதுவது. நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? அப்பா நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா?

போன வாரம் ஒரு வேடிக்கை. இறந்தவர்கள் தானமாகக் கொடுத்த மூளையை மெல்லியதாகச் சீவி இங்கே எக்ஸ்ரே கதிரில் படம் எடுக்கிறோம் அல்லவா? கதிரைத் திறக்கும் முன் சங்கு ஊதும். ஊதியதும் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். கூட வேலை செய்கிற அக்கா சிரித்துவிட்டார்.

"எதுக்கு மூடுற? இது கண்ணுக்கே தெரியாத வெளிச்சம்."

பட்டறையில் வெல்டிங் வைக்கும் முன் அப்பா "கண்ண மூடு" என்று கத்துவாரே, அந்தப் பழக்கம் என்றேன்.

பிறகு படம் வந்தது. மூளைக்குள் இரும்பு நானோ துகள்கள், உருண்டை உருண்டையாக. "உருகி ஆறின இரும்புதான் இப்படி இருக்கும், புகையோட மூக்கு வழியா ஏறியிருக்கலாம்" என்றார் அக்கா. அப்பாவுக்கு வந்திருக்கிற மாதிரி மறதிக்கு அதுதான் காரணம் என்று யாரும் அடித்துச் சொல்லவில்லை. நீ மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

தீக்குச்சி கிழித்தால் அப்பா இன்னமும் "கண்ண மூடு" என்கிறாராம், தம்பி சொன்னான். அதை ஃபோனில் பதிவு செய்து அனுப்பு. என் பெயர் அவருக்கு வராவிட்டால் பரவாயில்லை, அது போதும்.

முகமூடி இரண்டு பெட்டி அனுப்பியிருக்கிறேன். அதைப் போடாமல் தம்பியைப் பட்டறைக்கு அனுப்பாதே. வியர்க்கிறது என்பான், விடாதே. நம் எல்லாரையும் அப்பா கண்ணை மூடச் சொன்னார். அவரை மூக்கை மூடச் சொல்லத்தான் நம்மில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

சங்கு ஊதுகிறது, ஓடுகிறேன்.

உன் மூத்தவள்