சிட்டிபாபுவின் கட்டைவிரல்

மாமா,

ரசம் அடுப்பு மேல் இருக்கிறது, சுட வைத்துச் சாப்பிடுங்கள். நான் பக்கத்து வீட்டுக் கங்கம்மாள் அக்காவோடு திருப்பதியில் ஒரு பேங்குக்குப் போகிறேன்.

ஏன் என்று கேட்பீர்களே, கேளுங்கள். கணக்கெல்லாம் எங்கே இருக்கிறது என்று அக்கா கேட்டபோதெல்லாம் அவள் வீட்டுக்காரர் சிட்டிபாபு, "எல்லாம் போன்லதான் கீதுமே, செத்தா பாத்துக்கலாம்" என்பார். செத்தார். குளிப்பாட்டும்போது மகன் கிஷோர், சீயக்காய் ஒட்டிய கட்டைவிரலைத் துடைத்துத் துடைத்துப் போனில் வைத்தான். திறக்கவில்லை.

"நாப்பது வருசமா எம்பேச்ச கேக்காத மனுசன், இப்ப மட்டும் கேப்பாரா? வுட்றா நைனா" என்றாள் அக்கா, அழுதுகொண்டே. மூன்று மாதமாக ஒவ்வொரு பேங்காக ஏறி இறங்குகிறாள்.

நேற்று உங்கள் கணக்கு விவரத்தை நான் கேட்டதற்கு, "என்னை மேல அனுப்பப் பாக்குறியா?" என்று கத்தினீர்கள். அந்த அதிகாரம் எனக்கு இருந்தால் உங்கள் தங்கையிலிருந்து ஆரம்பித்திருப்பேன்.

டிவி பக்கத்தில் நோட்டு இருக்கிறது. எந்த பேங்க், எந்த ஆப் என்று பெயர் மட்டும் எழுதுங்கள். ரகசிய எண்ணை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

தேவசேனா

பி.கு: முதல் பக்கத்தில் என்னுடையதை எழுதிவிட்டேன். உங்களுக்குத் தெரியாத கணக்கு ஒன்றும் அதில் இருக்கிறது. அதற்குச் சண்டை போட வேண்டுமானால், இன்னும் இருபது வருஷம் இருந்து நிதானமாகப் போடுங்கள்.