நாற்பது அடிக்கு ஒரு நாற்காலி

அன்புள்ள எக்ஸ்பிரஸுக்கு,

முதலில் ஒரு மறுப்பு. எனக்குக் கால் ஒடியவில்லை. நான் கைத்தடியோடு தெருவில் நிற்பதைப் பார்த்த கண்ணாடிப் பட்டறைக்காரர், உடனே உன் அக்கா வீட்டுக்குப் போன் போட்டு, "உங்க தங்கச்சி வீட்டுக்காரருக்கும் கால் போச்சு" என்று சொல்லிவிட்டாராம். கண்ணாடியை ஊதிப் பெரிதாக்குகிறவர் செய்தியை மட்டும் விட்டுவைப்பாரா? நான் நன்றாக இருக்கிறேன். தடி எதற்கு என்று கீழே எழுதுகிறேன். பொறுமையாகப் படி. கடிதத்தையாவது ஓடாமல் படி.

வீட்டுச் செய்தி பெரிதாக ஒன்றுமில்லை. சமையலறைக் குழாய் சொட்டுவதை நிறுத்திவிட்டேன். உன் தொட்டிச் செடிகளுக்கு அன்பு மிகுதியில் தண்ணீர் ஊற்றியதில் இரண்டு போய்விட்டன. மற்ற இரண்டும் என் மனம் நோகக் கூடாதென்று உயிரோடு இருக்கின்றன.

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. "இனிமே இந்தக் காலை வச்சிக்கிட்டு யாருக்கு நான் ஊரைச் சுத்திக் காட்டுறது? ஓட்டல்ல வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லுங்க. நான் அக்கா வீட்டிலேயே இருந்துக்கிறேன்" என்று எழுதியிருந்தாய். மூன்று முறை படித்தேன். பதில் எழுத உட்கார்ந்தால் கோபம்தான் வந்தது. அதனால் எழுதவில்லை.

இதற்கிடையில் நம் அட்டைமேல் ஒரு வழக்கு வந்தது. அதுதான், ஓட்டல் அறை ஒவ்வொன்றிலும் வைத்திருக்கிறோமே, பக்கத்தில் பார்க்க வேண்டிய இடங்கள், நடந்து போக இத்தனை நிமிடம் என்று. பன்னிரண்டு வருடத்துக்கு முன் அதை நாம் அளந்தது நினைவிருக்கிறதா? நான் ரிசப்ஷனில் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். நீ போய்ச் சேர்ந்ததும் அந்தந்தப் பட்டறையின் போனிலிருந்து "வந்துட்டேன்" என்பாய். நான் குறித்துக்கொள்வேன். கண்ணாடிப் பட்டறை நான்கு நிமிடம். தறிக்கூடம் ஐந்து. மணிக்கூண்டு ஏழு. உன்னைப் போல் எக்ஸ்பிரஸ் வேகத்தில் நடக்க உன்னால்தான் முடியும் என்பது நம் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. இத்தனை வருடமும் விருந்தினர்கள் மூச்சிரைத்துக்கொண்டு, தங்களுக்கு வயதாகிவிட்டது என்று நினைத்துத் திரும்பிப் போயிருக்கிறார்கள்.

போன வாரம் வந்தவர் விடவில்லை. ஓய்வுபெற்ற தபால்காரர், கூட மனைவி. பதினோரு மணிக்குக் கண்ணாடி ஊதிக் காட்டுவார்கள் என்று பத்து ஐம்பத்தைந்துக்குக் கிளம்பியிருக்கிறார்கள். போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்து, உலைக் கதவைச் சாத்திவிட்டார்களாம். நேரே என்னிடம் வந்து அட்டையை மேசைமேல் வைத்தார். "முப்பது வருஷம் நடந்தே பொழச்சவன் நான். இதை அளந்தது ஆளா, குதிரையா?" என்று கேட்டார். என் மனைவி என்று சொன்னேன். மனிதர் அட்டையை அங்கேயே விட்டுவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

மறுபடி அளந்து புது அட்டை அச்சடிக்க வேண்டும் என்று மேனேஜர் சொன்னார். யார் நடையில் அளப்பது என்று யோசித்தேன். உன் அக்காவுக்குப் போன் செய்தேன். "தடியோட வாசல்ல இருந்து கேட் வரைக்கும் போறா. நாப்பது அடி வச்சா நின்னு மூச்சு வாங்குறா. ஆனா அதை யாரும் பாத்துடக் கூடாதுன்னு, செடியைப் பாக்குற மாதிரி ஒரு நடிப்பு" என்றார். சிரித்தேன். போனை வைத்த பிறகு சிரிப்பு வரவில்லை.

மறுநாள், விருந்தினர்கள் மறந்துவிட்டுப் போன பொருட்களைப் போட்டு வைக்கிற அலமாரியிலிருந்து ஒரு கைத்தடியை எடுத்தேன். ஓட்டலில் சலவை செய்கிற அம்மாவைக் கடிகாரம் பார்க்கச் சொல்லிப் போன் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டுக் கிளம்பினேன். நாற்பது அடி. நிற்பது. மூச்சு வாங்குவது. மறுபடி நாற்பது.

முதல் நாற்பது புத்தகம் பைண்டிங் செய்கிற அம்மாளின் ஜன்னலில் முடிந்தது. தினமும் அதைத் தாண்டித்தான் போகிறேன், ஒரு நாளும் நின்றதில்லை. மடியில் கத்தரிக்கோலை வைத்துக்கொண்டே நூலைப் பல்லால் கடிக்கிறார். இரண்டாவது நாற்பது பானைக்காரர் சுவரோரம். பலகையில் கோப்பைகள் காய்கின்றன, ஒவ்வொன்றின் அடியிலும் அவர் கட்டைவிரல் பதிந்திருக்கிறது. மூன்றாவது நிறுத்தத்தில் ஒன்றுமே இல்லை. வெறும் சுவர், வெயில். அங்கே நிற்கும்போதுதான் எனக்கு உன் கஷ்டம் புரிந்தது. பார்ப்பது போல நடிக்க அங்கே ஒரு செடிகூட இல்லை. கண்ணாடிக்காரர் என்னைப் பார்த்ததும் அங்கேதான். தண்ணீரோடு ஓடிவந்தார்.

அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். தெரு முழுக்கத் தெரிய ஒரு மணி நேரம் ஆனது. அடுத்த நாள் பைண்டிங் அம்மாள் ஜன்னலுக்கு வெளியே ஒரு நாற்காலி போட்டிருந்தார். பானைக்காரர் இரண்டு ஜாடிகளைக் கவிழ்த்து மேலே பலகை வைத்தார். வெறும் சுவரோரம் கண்ணாடிக்காரர் ஒரு பெஞ்சும் அதற்கு மேலே ஒரு தார்ப்பாயும் கட்டிவிட்டார். உன் அக்காவைப் பதற வைத்ததற்கு அபராதமாம்.

தபால்காரரின் மனைவி பைண்டிங் அம்மாளின் நாற்காலியில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டார். ஒரு பழைய அகராதிக்கு முதுகு ஒட்டுவதை முழுதாகப் பார்த்தாராம். கிளம்பும்போது மேனேஜரிடம், "இந்த ஊர்ல நான் பாத்ததுலேயே அதுதாங்க நல்லா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார். அது நம் அட்டையிலேயே இல்லை. இத்தனை வருடமாக நீ கூட்டத்தை அதைத் தாண்டி ஓட்டிக்கொண்டு போயிருக்கிறாய்.

மேனேஜர் வேறு வழிகாட்டி பார்க்கட்டுமா என்று கேட்டார். உன்னைக் கேட்காமலே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மெதுவாக நடக்கிற வழிகாட்டிதான் இனி வேண்டும் என்றும் சொன்னேன். திட்டுவதாக இருந்தால் நேரில் வந்து திட்டு. மணிக்கூண்டில் ஏறுகிறவர்கள் ஏறட்டும், நீ கீழேயே நின்று கதை சொல்.

மணிக்கூண்டு என்று எழுதியதும் கை நிற்கிறது. அன்று மழையில் அந்தப் படிகளில் நீ ஓடி இறங்கி விழுந்தது உன் அவசரத்தால் இல்லை. அடுத்த கூட்டம் காத்திருக்கிறது, சீக்கிரம் வா என்று அங்கே போன் செய்தது நான். ஆஸ்பத்திரியில் நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஐந்து மாதம் ஆகிவிட்டது. தப்பு என்னுடையது. என்னை மன்னித்துவிடு.

புது அட்டை கிட்டத்தட்டத் தயார். கண்ணாடிப் பட்டறை பதினான்கு நிமிடம், உட்கார மூன்று இடங்கள் என்று போட்டிருக்கிறேன். எல்லாவற்றையும் அளந்துவிட்டேன், முதல் வரியைத் தவிர. பேருந்து நிலையத்திலிருந்து ஓட்டலுக்கு. பழைய அட்டையில் ஆறு நிமிடம். அதை நான் அளக்கப் போவதில்லை, அந்த இடம் காலியாகவே இருக்கிறது. அச்சகத்துக்காரர் தினமும் கேட்கிறார், காத்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.

நீ இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவில்லை. அக்காவிடம் சொல்லிக்கொண்டு கிளம்பி வா. நிலையத்தில் இறங்கியதும் எனக்குப் போன் செய், கடிகாரத்தைப் பார்த்துக்கொள்கிறேன். எத்தனை நாற்பது ஆனாலும் ஆகட்டும். கடைசி நாற்பது அடிக்கு என் தோள் இருக்கிறது. வாசலுக்கு வந்து, பழையபடி அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்.

உன் கால் சீக்கிரம் நலமாகட்டும் என்று வேண்டிக்கொண்டு,
ரிசப்ஷனில் கடிகாரத்தைப் பார்த்தபடி,
உன் வீட்டுக்காரன்.