மூன்றாம் கிளாஸ் குதிரை

நெல்லிவாசல்,
ஞாயிறு.

அன்பு மகள் பூவிழிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், உன் மூக்கடைப்பு பெங்களூர்த் தூசியில் எப்படி இருக்கிறதோ என்பதுதான் கவலை. பொங்கலுக்கு வந்து போன பிள்ளைக்குப் பங்குனியில் எழுதுகிறேன், தாமதம்தான். போனில் பேசினால் பாதியில் கத்திவிடுவேன், அதனால்தான் பேனா எடுத்தேன். புளி உலுக்கியாயிற்று, அப்பா மூட்டைகளோடு திருப்பத்தூர் போயிருக்கிறார்.

உன் ரூம் தோழி கல்பனா பேசினாள். குதிரைகளின் பழைய ஓட்டங்களைப் பார்த்து எதை எந்தப் பந்தயத்தில் விடலாம் என்று சொல்லும் உன் வேலையைப் புனேயில் ஒரு பெரிய லாயத்தில் செய்யக் கூப்பிட்டார்களாம், மாசக் கடைசிக்குள் பதில் கேட்டார்களாம், நீ மாட்டேன் என்கிறாயாம். "பெரிய எடத்துக்குப் போனா கடைசியிலதான் நிப்பேன், எங்கம்மாவக் கேளு" என்று சொன்னாயாம்.

பொங்கலன்று அப்பாவிடம் ரேஸ் தாளைக் காட்டி, ஒரு குதிரை ஐந்தாம் கிளாஸில் இரண்டு முறை முதல், மூன்றாம் கிளாஸுக்குப் போனதும் ஒன்பதாவது என்று விளக்கிக்கொண்டிருந்தாய். நான்தான் அடுப்படியிலிருந்து, இன்னாடி, அஞ்சாங்கிளாஸ் பாஸான குதிரை மூணாங்கிளாஸ்ல பெயிலா, உன்ன மாதிரியே கீதே என்றேன். உன் அத்தை ராஜேஸ்வரி சிரித்த சிரிப்பில் நீ தாளை மடித்து வைத்துவிட்டாய். குதிரைக்கு நம்பர் குறையக் குறையக் கிளாஸ் பெரிசு என்று சொல்ல வாயெடுத்தாய், அதற்கும் நான் விடவில்லை. மறுநாள் முதல் ஜீப்பில் போய்விட்டாய்.

அந்தத் தாள் அலமாரியில் கிடந்தது. ஒன்பதாவது, ஒன்பதாவது, எட்டாவது. பக்கத்தில் உன் பென்சில் எழுத்து: முதல் குதிரைக்கு இருபது குதிரை நீளம் பின்னால், அடுத்து பன்னிரண்டு, அடுத்து ஆறு, நெருங்குது, இன்னும் ஒரு ஓட்டம் குடுக்கணும். படித்துவிட்டு உன் பழைய மார்க் கார்டுகளை எடுத்தேன். நம் மலைப் பள்ளிக்கூடத்தில் எப்போதும் முதல். திருப்பத்தூர் ஸ்கூலில் ரேங்க் நாற்பத்தொன்று, நாற்பது, முப்பத்தெட்டு. அந்த நம்பரை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன் பூவிழி. கணக்கில் முப்பத்தாறு, நாற்பத்தெட்டு, அறுபத்தொன்று என்று நீ ஏறி வந்ததைப் பார்க்கவே இல்லை. அடுத்த பரீட்சைக்கு முன்னாலேயே டி.சி. வாங்கி மலைக்குக் கூட்டி வந்துவிட்டேன்.

பதினெட்டில் கல்யாணமாகி, உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு பி.ஏ. எழுதியவள் நான். நான் ஓடாததை எல்லாம் நீ ஓடிவிட வேண்டும் என்ற அவசரம். அது காரணம்தான், சமாதானம் இல்லை. படித்தவளுக்கு ஒரு கார்டைப் படிக்கத் தெரியவில்லை.

புனேக்குப் போவதும் போகாததும் உன் இஷ்டம். ஊர் பிடிக்கவில்லை, சம்பளம் போதாது என்றால் வேண்டாம் என்று சொல், என் வாய்க்குப் பயந்து சொல்லாதே. போனாயானால் முதல் சில மாசம் பின்னால்தான் நிற்பாய், நின்றுவிட்டுப் போயேன். எத்தனையாவது என்று கேட்க என் நாக்கு துறுதுறுக்கும், அப்போது போனை அப்பாவிடம் கொடுத்துவிடுகிறேன்.

ராத்திரியில் தலைக்குக் குளிக்காதே. நீ எங்கே இருந்தாலும் நல்லபடி இருக்க வேண்டும். மாசக் கடைசியை மறந்துவிடாதே.

உன்னைச் சரியாகப் பார்க்காத,
அம்மா மஞ்சுளா