வைகாசி என்று திகதி போட்டு எழுது

ஆரையம்பதி,
ஈசுர வருடம் ஆனி மாதம் 20ஆந் திகதி.

அன்புள்ள மகள் நேசம்மாவுக்கு அம்மா எழுதுவது. கண்ணகை அம்மன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் அழகரத்தினம் மாமாவும் சுகம். உன் சுகத்தை நான் கேட்கப் போவதில்லை. சைக்கிளில் ஏறி ஆறு நாளில் ஐந்து தீவு சுற்ற நினைக்கிறவளுக்கு உடம்பில் என்ன குறை இருக்கப் போகிறது? பிள்ளைகளுக்குப் படிப்பிக்கத்தான் உன்னை யாழ்ப்பாணம் அனுப்பினோம் என்று இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். வழக்கமாக நான் சொல்லச் சொல்ல மாமா எழுதுவார், இந்த முறை பேனையை நானே எடுத்திருக்கிறேன். எழுத்துக் கோணலாக இருந்தால் அது கோபத்தால் என்று எடுத்துக்கொள், ஐந்தாம் வகுப்போடு நின்றதால் என்று நினைத்துச் சிரிக்காதே.

போன வெள்ளிக்கிழமை களுவாஞ்சிகுடி வல்லிபுரத்தாரும் அவர் பெண்சாதியும் நம் வீட்டுக்கு வந்தார்கள். அவர்களுடைய மகன் தங்கராசா கந்தோரில் கிளாக்கர், உன்னை அவனுக்குக் கேட்டுத்தான் வந்தார்கள். நான் விடியவே எழும்பிக் கொழுக்கட்டை அவித்து, விறாந்தை கழுவி, புதுப் பாய் விரித்து வைத்திருந்தேன். அந்த மனிதர் இரண்டு கொழுக்கட்டை தின்று கோப்பி குடித்து வாயைத் துடைத்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். அவருடைய தங்கை மகள் உன்னோடுதான் படிப்பிக்கிறாளாம், நீ மேசையில் வைத்திருந்த பயணத் திட்டத்தைப் பார்த்து ஒரு எழுத்து விடாமல் எழுதி அனுப்பியிருக்கிறாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் முகத்துக்கு நேரே வாசிக்கிறார். முதலாம் நாள் பொன்னாலைப் பாலத்தால் காரைநகர், இரண்டாம் நாள் சைக்கிளைத் தோணியில் ஏற்றி ஊர்காவற்றுறை, அங்கிருந்து வேலணை, மூன்றாம் நாள் புங்குடுதீவு, நாலாம் நாள் நயினாதீவில் அம்மனைக் கும்பிட்டு அங்கேயே தங்கல், ஐந்தாம் நாள் நெடுந்தீவில் குதிரை பார்க்கிறது, ஆறாம் நாள் திரும்புகிறது. மூன்று ரீச்சர்மாரில் ஒட்டுப் போடுகிற சாமான் யார் கொண்டுவருவது, காற்றடிக்கிற பம்பு யார் கொண்டுவருவது என்றுகூட அதில் இருந்தது. அடியில் உன் கையால் ஒரு குறிப்பாம், ஆடியில் மழை இல்லை, நல்ல காலம் என்று. நான் பெற்ற பிள்ளை போகிற வழியை ஊரார் ஒருவர் என் பாயில் இருந்து எனக்குப் படித்துக் காட்டுகிறார், நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்கிறேன். அந்த நேரம் என் நெஞ்சு பட்ட பாட்டை நீ ஒரு நாளாவது படவேண்டும், அப்போதுதான் உனக்கு விளங்கும்.

பெண்சாதிக்காரி என்னைப் பார்த்து, என்ன மச்சாள், உங்களுக்கு இது தெரியாதா எண்டு கேட்டாள். அந்தக் குரலில் இருந்த இனிப்பை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். தெரியாது என்று சொன்னால் பிள்ளையை அடக்கத் தெரியாத தாய் என்று பெயர், தெரியும் என்று சொன்னால் பொய். நான் பொய்யைச் சொன்னேன். ஏன் தெரியாது, அவள் என்னட்டக் கேட்டுத்தான் எல்லாம் செய்யிற, நான்தான் போயித்து வா எண்டு சொன்ன என்று சொன்னேன். அதோடு விட்டாரா அந்த மனிதர்? அப்ப ஆடிச் சோளகக் காத்துல நெடுந்தீவுக் கடல்ல பொம்புளப் புள்ளைய விட நீங்கதான் ஓம் எண்டு சொன்ன நீங்களோ என்று கேட்டார். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று தெரியாத தாயும் உண்டா? அது பழைய தாள், நான் அதை மாத்திப் பங்குனிக்குப் போகச் சொல்லிப் போட்டன் என்று இரண்டாவது பொய்யையும் சொன்னேன். குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்கிற கதைதான், எனக்கு மீசைதான் இல்லை.

அவர்கள் போன பிறகு மாமாவிடம் கேட்டேன். பத்து வருடம் நெல் ஏற்றிப் பாய்க்கப்பலில் யாழ்ப்பாணம் போய் வந்தவர் அல்லவா, தலையில் அடித்துக்கொண்டார். இஞ்ச கச்சான் காத்து அடிக்கக்குள்ள நம்மட கடல் குளம் மாதிரிக் கிடக்கும், அதைப் பாத்து வளந்த புள்ள அங்கயும் அப்பிடித்தான் எண்டு நினைச்சிட்டாள், அதே காத்துத்தான் அங்க சோளகமெண்டு கடலைக் கிளப்பும் என்றார். மழை இல்லாவிட்டால் நல்ல காலம் என்று எழுத மட்டக்களப்புக்காரியைத் தவிர வேறு யாருக்கு வரும்? அங்கே இரண்டு வருடம் இருக்கிறாயே, ஒரு கடற்கரைக்காரனிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? ஒவ்வொரு லீவுக்கும் இங்கே ஓடி வந்துவிடுவாய், அங்கத்தைய ஆடியை நீ எங்கே கண்டாய்! மூன்று பெண்களும் மூன்று சைக்கிளும் ஒரு தோணியில், அலை அடித்தால் சைக்கிளைப் பிடிப்பீர்களா, தோணியைப் பிடிப்பீர்களா, ஒருத்தியை ஒருத்தி பிடிப்பீர்களா? மாமா சொல்கிறபடி மாசி பங்குனியில்தான் அந்தக் கடல் அடங்கிக் கிடக்குமாம். சேலைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகாவிட்டால் செயினுக்குள் போய்விடும், அதையும் நான்தான் சொல்லவேண்டும். தீவுக் கிணற்றுத் தண்ணீர் உவர், கண்டபடி குடித்து வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே. இவற்றையெல்லாம் நான் எழுதுவதால் போ என்று சொல்லிவிட்டேன் என்று நினைக்காதே, அப்படி நான் சொல்லவில்லை.

உன் அப்பாவைப் பற்றியும் எழுதவேண்டும், இல்லாவிட்டால் எனக்கு வயிறு எரியும். வயல் வட்டையில் வேளாண்மைக்குப் பன்றி வருகிறது என்று காவலுக்குப் போயிருந்தவர் ஞாயிற்றுக்கிழமை வந்தார். நடந்ததை எல்லாம் சொல்லி அழுதேன். அந்த மனிதர் சிரிக்கிறார். என்ட புள்ளைக்குக் காலுல பலம் இருக்கு எண்டு எனக்கு அப்பவே தெரியும் என்று சொல்லிவிட்டு மிச்சக் கொழுக்கட்டையை எல்லாம் தின்றுவிட்டுப் படுத்துவிட்டார். அவரோடு இரண்டு நாள் நான் பேசவில்லை, அது அவருக்குத் தெரிந்ததா என்பதுகூட எனக்குத் தெரியாது.

வல்லிபுரத்தார் கடைசியாகச் சொன்னது இதுதான். இந்தச் சைக்கிள் ஆட்டத்தை அடியோடு விட்டால் ஆவணியில் நாள் பார்க்கலாமாம், இல்லாவிட்டால் யோசிக்கவேண்டுமாம். அப்போதாவது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நல்ல குடும்பம், நல்ல உத்தியோகம், பையனும் குறை சொல்ல முடியாதவன். ஆனால் எனக்கு எங்கிருந்தோ ரோசம் ஏறிவிட்டது. நம்மட வழக்கத்துல மாப்பிள்ளதான் பொண்ணுட வீட்டுக்கு வாற, இந்த வீடு அவள்ட, இஞ்ச சைக்கிள் நிக்குமா நிக்காதா எண்டு அவள்தான் சொல்லோணும் என்று சொல்லிவிட்டேன். போயித்து வாறம் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் எழும்பிப் போனார்கள். உனக்காகப் பேசி நல்ல சம்பந்தத்தைக் கெடுத்தேனா, இல்லை நல்லதுதான் செய்தேனா, எனக்கு இன்னும் தெரியவில்லை. கோபம் எல்லாம் உன்மேல்தான் வருகிறது.

இன்னும் ஒன்று, அதைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை மூடினால் அம்மன் என்னைச் சும்மா விடமாட்டாள். அவர்கள் பெண் கேட்டு வரப்போகிறார்கள் என்பது எனக்கு வைகாசியிலேயே தெரியும். உனக்கு எழுதவில்லை. எழுதினால் நீ மாட்டேன் என்பாய், எல்லாம் முடிந்த பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். நீ உன் பயணத்தை எனக்கு மறைத்தாய், நான் உன் கலியாணத்தை உனக்கு மறைத்தேன். எது பெரிய மறைப்பு என்று நீயே சொல். தாய் என்பதால் என் பக்கம் கொஞ்சம் நியாயம் கூடுதல் என்று நினைத்திருந்தேன், எழுதிப் பார்க்கும்போது அப்படித் தெரியவில்லை. தங்கராசா வேண்டுமா வேண்டாமா என்று நீ எழுது. நான் திட்டமாட்டேன் என்று சத்தியம் பண்ண முடியாது, ஆனால் கேட்பேன்.

இப்போது நீ செய்யவேண்டியது ஒன்று இருக்கிறது. இந்தக் கடிதம் கிடைத்த கையோடு எனக்கு ஒரு கடிதம் எழுது. அதில் வைகாசி என்று திகதி போடு. அம்மா, நான் இன்னாரோடு தீவுகளுக்குச் சைக்கிளில் போக நினைக்கிறேன், போகட்டுமா என்று கேட்டு எழுது. நான் அதைக் கொண்டுபோய்க் களுவாஞ்சிகுடியில் யாருக்கும் காட்டப் போவதில்லை. என் பெட்டிக்குள் சேலைக்கு அடியில் வைத்துக்கொள்வேன். என் பிள்ளை என்னிடம் கேட்டாள் என்று வீடு தேடி வந்தவர்கள் முன்னால் சொல்லிவிட்டேன், அது பொய்யாக இருக்கக்கூடாது. கேட்டால் ஓம் என்பேனா என்பது வேறு கதை. வைகாசியில் நீ கேட்டிருந்தால் மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனாலும் நீ கேட்டிருக்கவேண்டும் மகள்.

கண்ணகை அம்மன் உன்னைக் காத்துக்கொள்வாள். தலைக்கு எண்ணெய் வை, நேரத்துக்குச் சாப்பிடு. சிவத்தப் பசு நாகு கன்று போட்டிருக்கிறது, அப்பா அதற்கு உன் பெயரை வைத்துக் கூப்பிடுகிறார், அதுவும் கட்டையில் நிற்பதில்லை. ஆடி முடியும் வரை எந்தத் தோணியிலும் கால் வைக்காதே, வைகாசி என்று போட மறக்காதே.

உன் பதிலைப் பார்த்துக்கொண்டிருக்கும்
அம்மா,
சா. சீதேவிப்பிள்ளை.